பழைய மாடலிங் கிட்டார் வேண்டாம் என்பவர்களுக்கு

திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் கிட்டார் வாசிக்கிற யாரிடமும் யோசனை கேட்டுப் பாருங்கள். கிட்டார் மாஸ்டராகட்டும், சர்ச்சில் வாசிக்கிற அண்ணனாகட்டும், மெல்லிசைக் குழுவில் காலம் தள்ளியவராகட்டும், பதில் ஒரே மாதிரிதான் வரும். "தம்பி, மாடலிங் கிட்டாரெல்லாம் நமக்கு எதுக்கு? அதுவும் செகண்ட் ஹேண்டா? அதுலயும் ட்ரெமலோ வச்சதா? காசைத் தண்ணியில போடாதே. அதே காசுக்குப் புதுசா ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் வரும், ஃபிக்ஸட் பிரிட்ஜா பார்த்து வாங்கு."

அக்கறையில் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அது தவறான யோசனை. மேடையில் வாசித்துச் சம்பாதிக்க நினைக்கும் எத்தனையோ இளைஞர்களை அவர்களுக்கு ஒத்துவராத கிட்டாரின் பக்கம் தள்ளிவிட்ட யோசனை. இதற்குப் பின்னால் மூன்று பயங்கள் இருக்கின்றன: அசையும் பிரிட்ஜான ட்ரெமலோவில் சுருதி நிற்காது, உள்ளேயிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போனால் கிட்டாரே விறகு, அதில் வரும் சத்தம் போலி. மூன்றும் பாதி உண்மைகள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல கருவியையே ஒதுக்குவதை ஏற்க முடியாது.

முதலில் கருவி என்னவென்று பார்த்துவிடலாம். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆறு கம்பிகளின் அதிர்வையும் காந்தப் பிக்கப் ஒன்றாகச் சேர்த்தே எடுக்கும். மாடலிங் கிட்டாரின் பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஒவ்வொரு சேடிலிலும் ஒரு பீசோ உணரி உண்டு. ஆறு கம்பிகளின் அதிர்வும் தனித்தனியாக உள்ளேயிருக்கும் சிப்புக்குப் போகும். நாம் தேர்ந்தெடுத்த கிட்டாரில் இந்தக் கம்பி எப்படி ஒலித்திருக்கும் என்று அந்தச் சிப் கணக்கிட்டு ஒலியை வெளியே அனுப்பும். 1995இல் ரோலண்ட் கொண்டுவந்த விஜி-8 இதைத் தனிப் பெட்டியாகச் செய்தது. லைன் 6 நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் தன் வேரியாக்ஸ் கிட்டாருக்குள்ளேயே அதை வைத்துவிட்டது. 2010இல் ஜேம்ஸ் டைலர் வேரியாக்ஸ் (ஜேடிவி) வரிசை வந்தது. லைன் 6 யமஹாவின் கைக்குப் போன பிறகு, 2015இல் வேரியாக்ஸ் ஸ்டாண்டர்ட் வந்தது. ட்ரெமலோவோடு பழையது தேடுகிறவர் பெரும்பாலும் சந்திக்கப்போவது ஜேடிவி-69, ஸ்டாண்டர்ட், இன்னும் பழைய வேரியாக்ஸ் 600 ஆகியவற்றைத்தான்.

இதை யார் வாங்குகிறார்? ஆடி மாதம் கூழ் வார்க்கும் அம்மன் கோயில் மேடையில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கல்யாண வரவேற்பில் வாசிக்கிறவர். ஒரே இரவில் 'இளைய நிலா'வின் அகூஸ்டிக் கிட்டாரும் வேண்டும், ஒரு குத்துப்பாட்டின் கரகரப்பான எலெக்ட்ரிக்கும் வேண்டும், 12 கம்பி கிட்டாரும் வேண்டும், நடுவில் ஒரு சித்தார் துணுக்கும் வேண்டும். சாதாரண கிட்டார் வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? இரண்டு கிட்டார்களை முதுகிலும் மடியிலுமாகப் பைக்கில் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறார். இல்லையென்றால் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் வாசித்துவிட்டு வருகிறார். மாடலிங் கிட்டாரில் இது ஒரு குமிழைத் திருப்புகிற வேலை.

மேடையில் வாசிக்காதவர்களுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. கோயில் திருவிழா மேடையில் கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து வரும். தலைக்கு மேல் சீரியல் செட், பக்கத்தில் டிம்மர் போட்ட விளக்குகள். ஒற்றைச் சுருள் காந்தப் பிக்கப் உள்ள கிட்டாரை அங்கே மாட்டினால் பாட்டு இல்லாத நேரத்திலும் 'உம்ம்ம்' என்று இரையும். சவுண்டுக்காரர் நம்மை முறைப்பார். பீசோவுக்குக் காந்தச் சுருள் கிடையாது. ஆகவே மாடல் ஒலிகளில் அந்த இரைச்சலும் கிடையாது. புதிதாகச் சாதாரண கிட்டார் வாங்கு என்று சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி ட்ரெமலோ. இங்கே சற்று நின்றுதான் பேச வேண்டும், ஏனென்றால் பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்தபோதே அதன் பிரிட்ஜ் அசையும்படி அமைந்திருந்தது. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. முதுகுப் பக்கக் குழியில் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. வழக்கமான 10-46 செட் போட்டால் கம்பிகளின் மொத்த இழுவை ஏறத்தாழ 45 கிலோ. இரண்டு இழுவையும் சமமாக இருக்கும்போது பிரிட்ஜ் நடுவில் நிற்கும். கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் திரும்பும். ஒரு கம்பியைத் தளர்த்தினால் சமநிலை குலையும், ஸ்பிரிங் ஜெயிக்கும், மற்ற ஐந்து கம்பிகளும் ஏறிவிடும். அதனால்தான் ட்ரெமலோ கிட்டாரில் பாட்டுக்குப் பாட்டு டியூனிங் மாற்ற முடியாது என்கிறார்கள். உண்மைதான். பாடகர் மேடையிலேயே திரும்பி, "அரைக்கட்டை இறக்குங்க, தொண்டை சரியில்லை" என்று சொன்னால், ட்ரெமலோ உள்ள சாதாரண கிட்டார்க்காரர் ஆறு கம்பியையும் இறக்கி, மறுபடி மறுபடி சரிபார்த்து முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் குறை மாடலிங் கிட்டாரில் இல்லாமலே போகிறது என்பதைத்தான் இவர்கள் கவனிக்கவில்லை. ஜேடிவியிலும் ஸ்டாண்டர்டிலும் டியூனிங்குக்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. அரைக்கட்டை இறக்கு என்றால் சிப் இறக்குகிறது. கம்பியின் இழுவை அப்படியே இருக்கிறது. ஆறாவது கம்பியை மட்டும் ஒரு கட்டை இறக்கும் ட்ராப் டி டியூனிங்கும் அப்படித்தான். இழுவை மாறாததால் ஸ்பிரிங் சமநிலை மாறுவதில்லை, பிரிட்ஜ் அசைவதில்லை. ட்ரெமலோவும் வேண்டும், டியூனிங்கும் மாற்ற வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து வாழக்கூடிய இடம் மாடலிங் கிட்டார்தான். இரண்டு பயங்களையும் ஒன்றாகக் கட்டி "மாடலிங், அதிலும் ட்ரெமலோ" என்று சொல்கிறார்களே, உண்மையில் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது.

"அதெல்லாம் சரி, சும்மா வாசிக்கும்போதே சுருதி நிற்பதில்லையே" என்பார்கள். நிற்காத கிட்டார்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் பழி பிரிட்ஜின் மேல் விழுகிறது, குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டியூனரில் மூன்றாவது கம்பியைச் சரியாக வையுங்கள். கைப்பிடியை மெதுவாக அழுத்திக் கம்பியைத் தளரவிட்டுத் திரும்ப விடுங்கள். முள் இப்போது சற்று மேலே, சுருதி ஏறி நிற்கிறதா? அந்தக் கம்பியை விரலால் ஒருமுறை நன்றாக இழுத்து வளைத்து விடுங்கள். முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் பிரிட்ஜ் நிரபராதி. கழுத்தின் முனையில் இருக்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதி தீரும். மீதியை மெல்லிய அரத்தால் ஒரு நல்ல மெக்கானிக் தீர்ப்பார். மாறாக, அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் முள் ஒவ்வோர் இடத்தில் நின்றால்தான் பிரிட்ஜின் கத்தி விளிம்பையும் அது சாய்ந்து நிற்கும் இரண்டு தூண்களையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பு நசுங்கியிருந்தாலோ, தூண் மரத்துக்குள் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். வெறும் துருப்பிடித்த ஸ்பிரிங் என்றால் விடாதீர்கள். சென்னைக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிப்பது இயல்பு. மாற்றுவது சில நிமிட வேலை.

ட்ரெமலோவே பிடிக்காதா? ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு, பின்னாலிருக்கும் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு ஒட்டிவிடலாம். எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் ஐந்து ஸ்பிரிங்கோடு ஒரு மரத்துண்டையும் வைத்து அடைத்தே வாசிக்கிறார். அசையும் பிரிட்ஜை அசையாமல் ஆக்க ஒரு மரத்துண்டு போதும். அசையாத பிரிட்ஜை அசைய வைக்கப் பெரும்பாலும் உடம்பையே குடைய வேண்டும். அப்படியிருக்க, ஃபிக்ஸட் பிரிட்ஜ்தான் பத்திரம் என்பது என்ன கணக்கு?

நம் இசைக்கு ட்ரெமலோ எதற்கு என்று கேட்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கம்பியை வளைத்தால் சுருதி மேலே மட்டும்தான் போகும். கீழே இறங்கி, அங்கிருந்து தழுவி மேலே வர ட்ரெமலோ வேண்டும். நிதின் சாஹ்னியின் 'நாடியா' பாட்டில் ஸ்வாதி நாடேகர் இந்துஸ்தானி முறையில் பாடியதை, ஜெஃப் பெக் 2001இல் வெளிவந்த 'யூ ஹேட் இட் கமிங்' தொகுப்பில் கிட்டாரில் எடுத்து வாசித்தார். கைப்பிடியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, குரலின் ஒவ்வொரு குழைவையும் அவர் பின்தொடர்வதைக் கேட்டவர்கள், கமகத்துக்கும் இந்தக் கைப்பிடிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மாட்டார்கள். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக்காட்டிய ஊர் இது. அந்தப் பாதையில் போக நினைக்கும் ஒரு பையனிடம், அவன் விரல் தொடும் முன்பே ஒரு வழியை அடைப்பது சரியல்ல.

அடுத்தது விறகு பயம். இதில் அவர்கள் சொல்வதில் நியாயம் அதிகம், ஆனால் மாடலுக்கு மாடல் அது வேறுபடும் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். முதல் தலைமுறை வேரியாக்ஸ் 300, 500, 600, 700 ஆகியவற்றில் காந்தப் பிக்கப்பே கிடையாது. சிப் போனால் சத்தமே வராது. ஜேடிவியிலும் ஸ்டாண்டர்டிலும் சாதாரணக் காந்தப் பிக்கப்புகளும் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தாலும், ஏன், உள்ளேயிருக்கும் பலகையே செத்தாலும், அது ஒரு நல்ல சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாராக வாசிக்கும். அதாவது அவர்கள் வாங்கச் சொல்லும் அதே கிட்டார் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே வேரியாக்ஸ் 600 எவ்வளவு மலிவாக வந்தாலும், அதை நம்பி மேடை ஏறுகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிந்தைய இரண்டில் இந்தப் பயத்துக்கு இடமில்லை.

பேட்டரி கிடைக்காது என்பது இன்னொரு பல்லவி. ஜேடிவியின் லித்தியம் பேட்டரி வயதானால் சார்ஜ் நிற்காது, உண்மை. ஆனால் இந்தக் கிட்டார்களுக்குப் பேட்டரி மட்டுமே வழி இல்லை. அதே நிறுவனத்தின் பாட் எச்டி500, ஹீலிக்ஸ் போன்ற பெடல்போர்டுகளோடு விடிஐ கேபிளால் இணைத்தால் அந்தக் கேபிள் வழியாகவே கரண்டும் வரும், ஒலியும் போகும். விடிஐ கேபிள் என்ன அபூர்வப் பொருளா என்றால், கம்ப்யூட்டருக்குப் போடும் லேன் கேபிள்தான் அது; சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மேடையில் மிதிபட்டுத் தாங்க வேண்டுமென்றால் உலோகக் கூடு போட்ட முனை உள்ளதாக வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: கிட்டாரின் அந்தத் துளையைக் கம்ப்யூட்டரிலோ ரூட்டரிலோ நேராகச் செருகிவிடக் கூடாது.

உதிரிபாகம் பற்றிப் பேசும்போது நான் திருமழிசையைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். இங்கே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் அம்பத்தூர் எஸ்டேட். உடைந்த ட்ரெமலோ கைப்பிடி, மரை தேய்ந்த திருகு, பிரிட்ஜ் தூண், ஸ்பிரிங் மாட்டும் கொக்கி எல்லாமே உலோகத் துண்டுகள். மாதிரியைக் கையில் கொடுத்து மரையின் அளவைச் சரியாகச் சொன்னால் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கார் பாகங்களை மைக்ரோமீட்டர் வைத்துக் கடையும் கைகளுக்கு ஒரு கைப்பிடி பெரிய காரியமில்லை. சிப் பலகையைச் செய்து தர முடியாதுதான். ஆனால் ட்ரெமலோ உடைந்தால் ஸ்பேர் கிடைக்காது என்று சொல்லி இந்த வட்டாரத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது, சுற்றியிருக்கும் தொழில்திறமையைப் பார்க்காமல் பேசுவது.

பழைய மாடலிங் கிட்டாரில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ட்ரெமலோ உள்ள பிரிட்ஜில் ஒவ்வொரு சேடிலின் பீசோவிலிருந்தும் மயிரிழை போன்ற ஒரு ஒயர் பலகைக்குப் போகிறது. பிரிட்ஜ் அசையும்போதெல்லாம் அந்த ஒயரும் வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் வளைந்த ஒயர் விரிசல் விடும். சோதிக்கும் வழி எளிது. காந்தப் பிக்கப்பை விட்டுவிட்டு அகூஸ்டிக் மாடலில் வையுங்கள், ஏனென்றால் அதில் எதுவும் மறையாது. ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். பிறகு ஒரு கம்பியை ஒலிக்கவிட்டுக் கைப்பிடியை மிக மெதுவாகக் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவாருங்கள். இப்படி ஆறு கம்பிக்கும் செய்யுங்கள். நடுவில் 'கரக்' என்ற சத்தமோ, ஒலி ஒரு கணம் அறுந்து வருவதோ இருந்தால் அந்தக் கம்பியின் ஒயர் போய்க்கொண்டிருக்கிறது. கைப்பிடியை விட்டதும் ஸ்பிரிங் 'டங்' என்று ஒலிபெருக்கியில் கேட்டால் அது கோளாறு அல்ல. பீசோ உடம்பின் தட்டலையும் பிடிக்கும். ஸ்பிரிங் குழிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் அடங்கிவிடும். இந்த இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பலர் நல்ல கிட்டாரை விட்டுவிட்டுக் கெட்டதை வாங்குகிறார்கள்.

புதியது என்றால் பத்திரம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலிவு விலைப் புதுக் கிட்டாரின் கழுத்து மரம் நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து எப்படி வளையும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. இங்கேயே பல வருடங்கள் இருந்த கிட்டாரின் கழுத்து, வளைவதாக இருந்தால் ஏற்கெனவே வளைந்திருக்கும். கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாகப் போலிச் சத்தம். இந்த வாதத்தை மெல்லிசைக் குழுக்காரர்களே சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. அதே மேடையில் ரோலண்ட் எஸ்பிடி-20 என்ற தாளப் பேடில் தபேலா, டோலக், தவில் எல்லாம் வருகிறது. ரோலண்டின் முதல் ஆக்டாபேட் 1985இல் வந்தது. இன்று அது இல்லாத குழுவைப் பார்ப்பது அரிது. நாகஸ்வரமும் புல்லாங்குழலும் கீபோர்டிலிருந்து வருகின்றன. பேட் வாசிப்பவரை, "உண்மையான தபேலா எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை, அவர் கையின் தாளத்தைத்தான் கேட்கிறார்கள். கிட்டாரிஸ்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தீட்டு? இத்தனைக்கும் மாடலிங் கிட்டாரில் அதிர்வது நிஜமான கம்பி. விரலின் அழுத்தம், நகத்தின் உரசல், வளைவு எல்லாம் வாசிப்பவருடையவை. பதிவுசெய்து வைத்த மாதிரி ஒலி ஒன்றை அது எடுத்துப் போடுவதில்லை. யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக எலெக்ட்ரிக் மாண்டலினோடு சபா மேடைகளுக்கு வந்தபோதும் இது நம் வாத்தியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும் எல்லோருக்கும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். டிரினிட்டி கிரேடு தேர்வுக்குக் கிளாசிக்கல் கிட்டார் படிக்கும் குழந்தைக்கு நைலான் கம்பி கிட்டார்தான் வேண்டும். கார்டு பிடிக்கக் கற்கும் குழந்தைக்கு ஒரு நல்ல அகூஸ்டிக் போதும். யமஹாவின் எஃப்280 நம் சென்னைக்கு அருகிலேயே தயாராகிறது. ராத்திரியில் சத்தம் குறைத்துப் பயிற்சி செய்பவருக்கு, டியூனிங்கைச் சிப்பில் இறக்கினால் நிஜக் கம்பியின் சுருதியும் ஸ்பீக்கரின் சுருதியும் சேர்ந்து கேட்டுத் தொல்லை தரும். ஹெட்ஃபோன் போட்டாக வேண்டும். நிறைய இறக்கினால் ஒலியில் ஒரு தள்ளாட்டமும் வரும். ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டு பிரிட்ஜ் போட்ட ஜேடிவி-89எஃப் கிடைத்தால், மேடையில் ஒரு கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். ஆலன் கீயால் பூட்டுகளைத் திறந்து மூடுவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடும்.

ஜேடிவி-69 அல்லது ஸ்டாண்டர்ட் ஒன்று ஆவடியிலோ அம்பத்தூரிலோ விற்பனைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தால், பகலில் போய்ப் பாருங்கள். பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைக்கும்படி முதல்நாளே சொல்லுங்கள். சார்ஜர், கைப்பிடி, கம்ப்யூட்டரில் இணைக்கும் யுஎஸ்பி பெட்டி மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அந்தப் பெட்டி இருந்தால் டியூனிங்குகளையும் மாடல்களையும் கம்ப்யூட்டரில் நம் விருப்பப்படி மாற்றி வைக்கலாம். அது இல்லையென்றால் விலையில் கழித்துக் கேட்கலாம். கீறல், நிறம் மங்கல், துருப்பிடித்த ஸ்பிரிங், சிக்கும் நட் ஆகியவற்றுக்கும் விலை பேசலாம். சேடில் ஒயர் கரகரத்தால் மட்டும் விலை பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.